ஹோம்ஸ்டே காலை உணவு: சுடச்சுட இட்லியா, ஃபிரிட்ஜில் பொருளா?

கொடைக்கானலில் வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்களுக்கு இரண்டு வழி.

சமைத்துப் பரிமாறினால் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் 2,100 மீட்டர் உயரக் குளிரில் மாவு ஒரே ராத்திரியில் பொங்காது. பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைத்தாலும் சந்தேகம்தான். எட்டு மணிக்கு என்றவர்கள் பத்தரைக்கு எழுந்து வருவார்கள், இட்லி கல்லாகியிருக்கும். உணவுக்குக் காசு வாங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேறு.

முட்டை, பிரெட், பால், காபித்தூள் வைத்துவிட்டால் அவரவர் நேரத்துக்குச் சாப்பிடுவார்கள். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், முட்டை வேகக் கூடுதல் நேரமாகும் என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

அங்கேயே குடியிருந்தால் சமைக்கலாம். மதுரையிலிருந்து நடத்தினால் ஃபிரிட்ஜ்தான் சரி. சமைப்பதானாலும் என் ஓட்டு வெண்பொங்கலுக்கு; மாவுக் கவலை இல்லை.