ப்ராஸ்டேட்ட "கரைக்கிற" லாட்ஜ் வைத்தியம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க உஷாரா இருங்க

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்டு மாசத்துக்கு ஒரு நாள் "ஆபரேஷன் இல்லாம ப்ராஸ்டேட் வீக்கம் கரையும்"னு நோட்டீஸ் ஒட்டி ஒருத்தர் உக்கார்றாரு, கிருஷ்ணகிரிக்கும் வர்றாராம். ப்ராஸ்டேட்னா ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்கு கீழ இருக்கற ஒரு சுரப்பி. வீட்ல வயசான அப்பா, தாத்தா இருந்தா முழுசா படிங்க.

எங்கப்பாவுக்கு 68 வயசு, பாலக்கோடு பக்கம் தக்காளி வெவசாயம். ஒண்ணுக்கு முக்கி முக்கி போவாரு, சொட்டு சொட்டா வரும், ராத்திரில நாலஞ்சு தடவ எந்திரிப்பாரு. டாக்டர் ஸ்கேன் பாத்து டாம்சுலோசின் மாத்திர குடுத்தாரு, ஓரளவு நல்லாத்தான் இருந்தாரு. அப்பறம் யாரோ சொன்னாங்கனு அந்த லாட்ஜுக்கு போக, "ப்ராஸ்டேட் 42 கிராம் இருக்கு, விட்டா கேன்சரா மாறிடும், இங்கிலீஷ் மாத்திரய இன்னையோட நிறுத்துங்க"னு பயமுறுத்தி லேகியம், சூரணம்னு 14,000 ரூபா வாங்கிட்டாரு. பில்லு இல்ல, டப்பாவுல என்ன மருந்துனு ஒரு எழுத்து இல்ல.

தொந்தரவு அதிகமாச்சு. திரும்ப போனப்ப ஸ்கேன் எடுத்துட்டு வர சொன்னாரு, அதுல 38 கிராம். அந்த 38ஐ சுத்தி செவப்பு பேனால வட்டம் போட்டு "பாத்தீங்களா ஐயா, கரையுது"னு அடுத்த பாக்கெட்டயும் வித்துட்டாரு. அதே தாள்ல ரெண்டு வரி கீழ, யூரின் போயிட்டு வந்தப்பறமும் மூத்திரப் பையில தங்கினது 210 மி.லி.னு போட்டிருக்கு. மொத ரிப்போர்ட்ல அது 60. அத பத்தி ஒரு வார்த்த பேசல.

ஒரு ராத்திரி சுத்தமா அடைச்சிக்கிச்சு. அடிவயிறு கல்லாட்டம் ஆகி, செவுத்த புடிச்சிட்டு நின்னு அப்பா துடிச்சத பாக்க முடியல. தர்மபுரி ஜி.எச்.ல ட்யூப் போட்டாங்க, ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு.

அங்க டாக்டர் பொறுமையா சொன்னாரு. ப்ராஸ்டேட் மூத்திரப் பைக்கு கீழ, யூரின் வர்ற குழாய சுத்தி இருக்கு, வயசானா பெரும்பாலானவங்களுக்கு பெருசாகத்தான் செய்யும். ஆனா எவ்ளோ பெருசுங்கறதும் எவ்ளோ கஷ்டங்கறதும் ஒண்ணா போறதில்ல. 80 கிராம் இருந்தும் நல்லா போறவங்க இருக்காங்க, 30 கிராம்லயே அடைக்கறவங்களும் இருக்காங்க, குழாய எந்த எடத்துல அமுக்குது, பை எவ்ளோ பலமா தள்ளுதுங்கறதுதான் விஷயம். வயித்து மேல வெச்சு எடுக்கற ஸ்கேன்ல நாலஞ்சு கிராம் முன்னப்பின்ன வர்றது சகஜம், அதனால 42 போயி 38 ஆனதெல்லாம் கரைஞ்சதா அர்த்தம் இல்ல. இந்த சாதா வீக்கம் கேன்சரா மாறாது, கேன்சர் வேற, அதுக்கு டெஸ்ட் தனி. டாம்சுலோசின் தசைய தளர்த்தி வழி விடுமே தவிர சைஸ குறைக்காது, சைஸ குறைக்கற மாத்திரயும் வேற இருக்கு, ஆனா பலன் தெரிய ஆறு மாசம்கூட ஆகும்.

அதனால ரிப்போர்ட்ல கிராம மட்டும் பாக்காதீங்க, யூரின் போனப்பறம் மிச்சம் எவ்ளோனு கேளுங்க. ராத்திரி அடிக்கடி போனா சுகரயும் பாத்துடுங்க. ஏற்கனவே இந்த பிரச்சன இருக்கறவங்க சளி மாத்திரய கடையில நீங்களா வாங்கி போடாதீங்க, சிலது அடைப்ப உண்டாக்கும். ரத்தம் வந்தாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ, ஒரு சொட்டும் வரலன்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு ட்யூப் எடுத்தாச்சு, பழைய மாத்திரயே ஓடுது. டப்பா, நோட்டீஸ், வட்டம் போட்ட ரிப்போர்ட் எல்லாத்தயும் வெச்சு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல புகார் குடுத்திருக்கோம். அங்க மருந்து வாங்கினவங்க டப்பாவ தூக்கி போட்டுடாதீங்க, நீங்களும் போயி எழுதி குடுங்க.