கான்சஸ் கணக்கா, கலிஃபோர்னியா கணக்கா: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரிகளுக்கான (பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகள்) தேசிய விளையாட்டுச் சங்கமான என்ஜேசிஏஏ, 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பிறந்தது. தொடங்கியவை 13 கலிஃபோர்னியக் கல்லூரிகள். இன்று அதில் சுமார் 500 கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் அரசுச் சமுதாயக் கல்லூரிகள்தான் இல்லை! அவை பிரிந்துபோய், இப்போது சிசிசிஏஏ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளோடு தனிக்கடை நடத்துகின்றன.

இரண்டுக்கும் வெளியே தெரிகிற வித்தியாசம் உதவித்தொகை. என்ஜேசிஏஏ-வின் முதல் பிரிவில் கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு என எல்லாமே தரலாம். இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. கலிஃபோர்னியாவிலும் அதே கதைதான்: உதவித்தொகை கிடையாது, தன் பகுதிக்கு வெளியே இருக்கும் வீரரைப் பயிற்சியாளர் தானாக முதலில் அணுகவும் கூடாது. இதை வைத்து, என்ஜேசிஏஏ-வில் இருக்கும் கான்சஸ் மாநிலக் கல்லூரிகளோடு ஒப்பிட்டு, 'கான்சஸ் தாராளம், கலிஃபோர்னியா கஞ்சம்' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பணம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது, அதில் யாருக்குச் சம்பளம் போகிறது என்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது.

முதலில் கான்சஸ். அங்கே ஒவ்வொரு சமுதாயக் கல்லூரிக்கும் அதன் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள் கட்டும் சொத்து வரியிலிருந்து பெரும்பங்கு வருகிறது. அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளில் வெளிமாநில வீரர்கள் இத்தனை பேர்தான் என்ற வரம்பை அங்குள்ள கல்லூரிகளின் கூட்டமைப்பு 2016-இல் எடுத்துவிட்டது. உடனே ஃபுளோரிடா, ஜார்ஜியா பையன்கள் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்களில் வந்து இறங்கினார்கள். இண்டிபெண்டன்ஸ் என்ற சிறு நகரத்துக் கல்லூரி நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் வருமளவுக்குப் பிரபலமானது. 'எங்கள் வீட்டு வரியில் எவர் பிள்ளையோ விளையாடுவதா' என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கேள்வி நியாயம்தான். ஆனால் கல்லூரித் தரப்புக் கணக்கையும் கேட்க வேண்டும். காலியாகக் கிடக்கும் வகுப்பறையில் ஒரு வீரரை உட்காரவைத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், பணம் கல்லூரியின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகிறது, அவ்வளவுதான். உண்மையில் கையை விட்டுப் போவது சாப்பாடு, விடுதி, பேருந்து, சம்பளம், காப்பீடு. ஊரில் இளைஞர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்போது, அணிதான் சேர்க்கைப் பட்டியலை நிரப்புகிறது. அதனால்தான் களத்தில் இறங்கவே வாய்ப்பில்லாத வீரர்களையும் சேர்த்துக்கொண்டு அணிகளைப் பெரிதாக்குகிறார்கள். பயிற்சியாளர் அங்கே பாதி நேரம் சேர்க்கை அதிகாரி.

இனி கலிஃபோர்னியா. அங்கே விளையாட்டு, வகுப்பறைக்குள் ஒளிந்திருக்கிறது. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கான பயிற்சியே மதிப்பெண் உள்ள ஒரு பாடம். மற்ற பாடங்களை இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது; இதை எடுக்கலாம், விதியிலேயே விலக்கு இருக்கிறது. மாநிலம் நிதி ஒதுக்குவது 'முழுநேர மாணவர்' என்ற அலகின்படி. ஓர் அலகு என்பது 525 மணி நேர வகுப்பு. ஒரு வீரர் ஆண்டுக்கு 175 மணி நேரம் பயிற்சிப் பாடத்தில் பதிவானால், மூன்று பேருக்கு ஓர் அலகு. நூறு பேர் கொண்ட ஃபுட்பால் அணிக்கு 33 அலகு. அலகுக்கு 5,200 டாலருக்குச் சற்று மேல் என்று வைத்தால் 1.7 லட்சம் டாலர் தாண்டுகிறது. போதாக்குறைக்கு, போட்டியில் ஆட வேண்டுமென்றால் 12 யூனிட் (பாடங்களின் அளவு; மேலே சொன்ன நிதி அலகு வேறு) படித்தாக வேண்டும். அந்த வகுப்புகளும் கணக்கில் ஏறுகின்றன. இது மேலோட்டமான கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மூன்றாண்டுச் சராசரி, குறைந்தபட்ச உத்தரவாதம் என்று 2018-19-க்குப் பிந்தைய நிதிச் சூத்திரத்தில் ஏகப்பட்ட கிளைகள் உண்டு. சில கல்லூரிகளில் ஒரு வீரர் கூடுதலாக வந்தாலும் நிதி நகராது.

ஆக இரண்டு இடத்திலும் அணியைத் தாங்குவது மாணவர் எண்ணிக்கைதான். டிக்கெட் வசூல் எங்கும் பெரிதில்லை. கான்சஸின் ஹட்சின்ஸன் மாதிரி ஊர்கள் விதிவிலக்கு. என்ஜேசிஏஏ-வின் ஆண்கள் கூடைப்பந்து தேசியப் போட்டி 1949 முதல் அங்கேதான் நடக்கிறது, ஊரே திரளும்.

ஊழியர் விஷயத்தில்தான் பாதை பிரிகிறது. கலிஃபோர்னியாவில் தலைமைப் பயிற்சியாளர் பல கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர். தொழிற்சங்கம் உண்டு, ஊதிய விகிதம் உண்டு. இரண்டு ஆண்டு தோற்றாலும் வேலை போகாது. எனவே காயம்பட்ட பையனை அவசரமாகக் களமிறக்க அவருக்குக் கட்டாயம் குறைவு. ஆனால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் நம்மூர்க் கௌரவ விரிவுரையாளர் நிலைமையில்தான். பகுதிநேர ஆசிரியருக்கு முழுப் பணியில் 67 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்று சட்டம். உதவிப் பயிற்சியாளர்களில் பலர் பருவத்துக்கு ஒரு தொகுப்பூதியம் வாங்கிக்கொண்டு பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கல்விச் செலவில் பாதியாவது வகுப்பெடுக்கும் ஆசிரியர் சம்பளமாக இருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். பயிற்சியாளர் பாடம் நடத்தும் நேரம் நல்ல பக்கத்தில் விழும். காயத்தைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரும் உடை, உபகரணங்களைப் பார்த்துக்கொள்பவரும் எதிர்ப்பக்கத்தில். இன்னொரு டிரெய்னர் கேட்டால் நிதி அலுவலகம் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கான்சஸ் பாணிக் கல்லூரிகளில் பயிற்சியாளர் ஒப்பந்த ஊழியர். வென்றால் பெரிய பல்கலைக்கழகம் கூப்பிடும், தோற்றால் பெட்டி கட்ட வேண்டும். உதவிப் பயிற்சியாளரே விடுதிக் காவலர், வேன் ஓட்டுநர், படிப்பு மேற்பார்வையாளர் என்று இருப்பது அங்கே சகஜம். இந்த ஏற்பாட்டின் ஆபத்தை 2018 ஆகஸ்ட் காட்டியது. கார்டன் சிட்டி சமுதாயக் கல்லூரிக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த 19 வயது வீரர், ஓட்டப் பயிற்சி முடிந்த இரவே வெப்பத் தாக்கத்தால் இறந்துபோனார். உதவி அழைப்பதில் ஏற்பட்ட தாமதத்தைப் பின்னர் நடந்த தனி விசாரணை சுட்டிக்காட்டியது. கலிஃபோர்னியாவில் இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்து சில நாளே ஆன, ஊரில் உறவு யாருமில்லாத பையனுக்குக் கல்லூரிதான் வீடு. அந்த வீட்டில் பொறுப்பான ஆள் எத்தனை பேர் என்பது முக்கியம்.

மாணவர் பக்கம் பார்த்தால் தராசு கான்சஸுக்குச் சாய்கிறது. கலிஃபோர்னியாவில் மாநில மாணவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான், ஏழைகளுக்கு அதுவும் தள்ளுபடி. படிப்பு கிட்டத்தட்ட இலவசம், வீட்டு வாடகை? ஏழை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் உதவியின் உச்சவரம்பு ஆண்டுக்கு 7,395 டாலர். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகர வாடகைக்கு அது எத்தனை மாதம் வரும்? 2018-இல் மாநிலப் பட்டம் வென்ற ஓக்லாந்தின் லேனி கல்லூரிக்கு விடுதியே இல்லை. அதன் வீரர் ஒருவர் காரில் படுத்துத் தூங்கியதை அதே நெட்ஃபிளிக்ஸ் தொடர் பதிவு செய்தது.

என்ஜேசிஏஏ-வின் மூன்றாம் பிரிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள், குறைந்த பயணம், சிறிய செலவு. ஃபுட்பால் இல்லாமல் நடத்துவதற்கு நல்ல ஏற்பாடு.

ஃபுட்பால்தான் எல்லாக் கணக்கையும் குழப்புகிறது. அரிசோனாவின் மாரிகோபா சமுதாயக் கல்லூரி மாவட்டம், மாநில நிதி அடியோடு நின்றுபோய்ச் சில ஆண்டுகளில், நான்கு கல்லூரிகளின் ஃபுட்பால் அணிகளை 2018 பருவத்தோடு மூடியது. விளையாட்டுச் செலவில் சுமார் 20 சதவீதம் ஃபுட்பாலுக்கு. காப்பீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே என்றது நிர்வாகம்.

எந்தக் கல்லூரியின் வரவு-செலவையும் மத்தியக் கல்வித் துறைக்குத் தரப்படும் ஆண்டறிக்கையில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: வரவும் செலவும் டாலர் பிசகாமல் சமமாக இருந்தால் அசந்துவிட வேண்டாம். கல்லூரி தன் பொதுநிதியிலிருந்து போட்டதையே 'வரவு' என்று எழுதியிருக்கும்.

என் தேர்வைக் கேட்டால், நிர்வாகியாக இருந்தால் கலிஃபோர்னியா, பதினெட்டு வயது வீரனாக இருந்தால் கான்சஸ். கூப்பர்டினோவிலோ டாலஸிலோ இருக்கும் நம் பிள்ளை யாருக்காவது இரண்டு பக்கமிருந்தும் அழைப்பு வந்தால், உதவித்தொகை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், முழுநேர டிரெய்னர் எத்தனை பேர், விடுமுறையில் விடுதிச் சமையலறை திறந்திருக்குமா, உதவிப் பயிற்சியாளர் போன வருடமும் இங்கேதான் இருந்தாரா என்று கேட்கச் சொல்வேன்.