பகல் விழாவுக்கு ஒரு மென்பச்சைக் குர்தா

முழங்காலைத் தொடும் நீளம், நேர்வெட்டு, முழுக்கை, நிமிர்ந்து நிற்கும் குறுகிய கழுத்துப்பட்டி, மார்பு வரை இறங்கும் பொத்தான் பட்டி, இரு பக்கமும் பை என, வேலைப்பாடு எதுவும் இல்லாத குர்தா இது. உட்புறச் சீட்டில் லினன் 55 விழுக்காடு, பருத்தி 45 விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நிறத்துக்கு விற்பனையாளர் கொடுத்திருக்கும் பெயர் ‘மிண்ட்’. காலை நேர நிச்சயதார்த்தம் ஒன்றுக்காக வாங்கி, பிறகு வேறு சில பகல் விழாக்களுக்கும் அணிந்து, வீட்டிலேயே துவைத்து இஸ்திரி போட்டுப் பார்த்த பின்பே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். துணிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், நிறத்துக்கும் ஏறக்குறைய அப்படியே. தையலுக்குப் பாதிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வெளிர் நிற ஆடையில் இது சின்னக் குறையாகப் போய்விடுவதில்லை. அடர்நீலத்திலும் அரக்குச் சிவப்பிலும் கண்ணுக்குத் தப்பிவிடும் கோணல் தையலையும் தளர்ந்த நெசவையும் வெளிர் நிறம் பகல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இவ்வகைக் குர்தாவில் துணியையும் தையலையும் பார்த்து முடித்த பிறகே நிறத்துக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

துணியின் திண்மையைச் சோதிக்க, உள்ளங்கையைத் துணிக்கு அடியில் வைத்துச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் போதும். விரல்களின் இடைவெளி தனித்தனியாகத் தெரிந்தால், அந்தக் குர்தா வெயிலில் பனியனின் விளிம்பையும் காட்டும். இந்தக் குர்தாவில் கை ஒரு நிழலாக மட்டுமே தெரிந்தது. ஆனால் பெரும்பாலோர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: பக்கவாட்டுப் பையின் உள்துணி. வெளிர் நிறக் குர்தாவில் பை வெள்ளைத் துணியால் தைக்கப்பட்டிருந்தால், தொடையின் மேல் ஒரு வெண்கட்டமாக அது வெளியே தெரியும். இதில் பையையும் அதே மென்பச்சைத் துணியாலேயே தைத்திருக்கிறார்கள். இருந்தும் துணி இரட்டிப்பாகிவிட்ட இடம் என்பதால் எதிர்வெயிலில் ஒரு படி அடர்ந்த பட்டையாகத் தெரிகிறது. கைப்பேசியையும் அதில் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம். உள்ளே அணியும் பனியன் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது பழக்கத்தால் வந்த எண்ணம். தோலின் நிறத்தை ஒட்டிய பனியன்தான் வெளிர் துணிக்கு அடியில் மறைந்து நிற்கும்.

லினன் கலப்பு என்பதால் கசங்கும். உட்கார்ந்து எழுந்தால் இடுப்புக்குக் கீழே குறுக்குக் கோடுகள் விழத்தான் செய்யும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். காற்று உள்ளே வந்து போகிறது, வியர்வை சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது, பந்தலுக்கு வெளியே நிற்கும்போது உடலோடு ஒட்டிக்கொள்ளவில்லை. கசங்கவே கூடாது என்று பாலியஸ்டர் கலந்த ‘ஆர்ட் சில்க்’ குர்தாவை எடுப்பவர்கள், அந்தச் செயற்கை மினுமினுப்பு இரவு விளக்கொளியில் அடங்கியிருந்தாலும் நண்பகல் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் என்பதையும், உள்ளே வெப்பம் தேங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டின் சாயல் வேண்டுவோருக்குப் பட்டும் பருத்தியும் சேர்த்து நெய்யும் சந்தேரித் துணி நல்ல தேர்வு. மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி ஊரிலிருந்து வரும் அந்தத் துணியின் அழகே அதன் ஊடுருவித் தெரியும் மென்மைதான் என்பதால், அதற்கு உள்துணி கட்டாயம் வேண்டும்.

இனி நிறம். ஒளியின் நிறச்சாயலை அளக்கும் கெல்வின் கணக்கில், மஞ்சள் சாயல் கொண்ட கடை விளக்கின் ஒளி ஏறத்தாழ 3000 கெல்வின் என்றால், நண்பகல் வெளிச்சம் 5500 முதல் 6500 கெல்வின் வரை இருக்கும். இந்த வேறுபாடு அடர் நிறங்களை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் வெளிர் நிறத்தில் இருக்கும் சாயமே கொஞ்சம் என்பதால், கடைக்குள் இளமஞ்சளாகத் தெரிந்தது வாசலுக்கு வந்ததும் வெறும் வெள்ளையாகிவிடக்கூடும். குர்தாவைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசல் வரை வந்து பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நான் வாங்கியது விற்பனைப் படத்தில் இருந்ததைவிட ஒரு படி சாம்பல் கலந்ததாகவே இருந்தது, அதுவும் நல்லதற்கே. வெள்ளை மட்டும் கலந்து வெளுத்த நிறங்கள் நேர்வெயிலில் எடுக்கும் படங்களில் நிறமே இல்லாமல் பதிந்துவிடுகின்றன. சற்றே சாம்பல் கலந்தவை தம் நிறத்தை விடாமல் நிற்கின்றன.

கழுத்துப்பட்டியின் நிறம் தாடையின் அடியில் பிரதிபலிக்கும் என்பதையும் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பீச் நிறமும் வெளிர் ரோஜாவும் முகத்துக்கு இளஞ்சூட்டைத் தருகின்றன. பச்சையும் லாவெண்டரும் சிலருக்கு முகத்தை வாடியதாகக் காட்டும். மாநிறத்தவரும் கறுத்தவரும் வெளிர் நிறம் உடுத்தக் கூடாது என்று துணிக்கடையில் நின்று தீர்ப்புச் சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அந்தத் தீர்ப்பை மேல்முறையீடு இல்லாமலே தள்ளிவிடலாம். தோலுக்கும் துணிக்கும் இடையே வேறுபாடு கூடக் கூட நிறம் எடுப்பாகவே தெரியும். தோலின் நிறத்துக்கு மிக அருகில் வரும் பழுப்பு, மணல் நிறங்களைத்தான் யாராக இருந்தாலும் யோசித்து எடுக்க வேண்டும். வியர்வை மிகுதியாக வருபவர்களுக்கு ஒரு சொல்: ஈரம் வெளிர்நீலத்திலும் சாம்பலிலும் உடனே கருத்துத் தெரியும், வெண்மையை ஒட்டிய நிறங்களில் அவ்வளவாகத் தெரியாது.

தையலுக்கு வருகிறேன். பொத்தான் பட்டியின் கீழ்முனையில் துணி லேசாகச் சுருங்கி நிற்கிறது; விறைப்புக்காக உள்ளே வைத்த கேன்வாஸும் மேல்துணியும் துவைத்தபோது ஒரே அளவில் சுருங்கவில்லை என்பதே இதற்குக் காரணம், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அது சரியாகவில்லை. பக்கத் திறப்பு முடியும் இடத்தில் குறுக்குக் கட்டுத்தையல் போடாமல் விட்டிருப்பதால், கால் மடித்துத் தரையில் உட்கார்ந்து எழுந்த பிறகு அங்கே நூல் விடத் தொடங்கியது. மரபான குர்தாவில் அக்குளில் சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைப்பார்கள்; கையை உயர்த்தினாலும் உடுப்பு முழுவதும் மேலே இழுபடாமல் இருப்பதற்கு அந்தத் துண்டுதான் காரணம். இதில் அது இல்லை. அட்சதை போடக் கையைத் தூக்கினால் கீழ் மடிப்பும் கூடவே ஏறுகிறது. பொத்தான்கள் மட்டும் நல்ல தரம், சிப்பிப் பொத்தான்கள், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கின்றன.

அளவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 40 என்று போட்டிருந்தால் அது உடலின் மார்புச் சுற்றளவா, ஆடையின் சுற்றளவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடலைவிட ஆடை 4 முதல் 6 அங்குலம் கூடுதலாக இருந்தால் நேர்வெட்டுக் குர்தா சரியாக விழும், முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்குவதற்கும் இடம் இருக்கும்.

இதே குர்தா சிக்கன்காரி எனப்படும் பூத்தையல் வேலைப்பாட்டுடனும் விற்கப்படுகிறது, அதையும் எடுத்துப் பார்த்தேன். லக்னோவின் சிக்கன் வேலைப்பாடு 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது; அந்தப் பெயரில் விற்பதெல்லாம் கைவேலை ஆகிவிடாது. துணியைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இயந்திரத் தையலில் எல்லாப் பூவும் ஒரே அச்சாக இருக்கும், பின்புறமும் அதே ஒழுங்கில் கீழ்நூல் ஓடும். கைவேலையில் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இதழ் சற்றே மாறும், பின்புறத்தில் முடிச்சுகளும் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய நூலும் இருக்கும். பகியா எனப்படும் நிழல்தையலில் நூலின் பெரும்பகுதி பின்புறமாகவே குறுக்கும் நெடுக்கும் ஓடி, முன்புறத்தில் நிழலாக மட்டும் எட்டிப் பார்க்கும். அது எடுபட வேண்டுமானால் துணி மெல்லியதாகவும் வெளிர் நிறமாகவும் இருந்தாக வேண்டும். அதனால்தான் இந்த வேலைப்பாடும் இந்த நிறங்களும் இவ்வளவு பொருந்திப் போகின்றன. அழியும் நீலச் சாயத்தால் தைப்பதற்கு முன்பே அச்சிட்ட கோட்டின் மிச்சம் ஒரு புள்ளியாக எங்காவது தெரிந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

உடன் அணிபவற்றில் என் விருப்பம் குறைவான பொருள்கள்தான். கீழே பளிச்சென்ற வெள்ளைப் பைஜாமா போட்டால், அதன் பக்கத்தில் மென்பச்சை அழுக்கேறியதுபோல் தெரிகிறது. தந்த நிறப் பைஜாமாவோ, அதே நிறத்தில் நேர்வெட்டுப் பேண்டோ போட்டால் இரண்டும் ஒத்துப் போகின்றன. சுடிதார் பைஜாமா மெலிந்த உடல்வாகுக்கு நன்றாக இருக்கும், தரையில் உட்கார வேண்டிய விழா என்றால் வேண்டாம். மெல்லிய சரிகைக் கரை வேட்டியும் அழகுதான். அப்போது குர்தாவின் நீளம் தொடை நடுவோடு நின்றால்தான் கரை தெரியும். காலணி, கைக்கடிகாரப் பட்டை இரண்டும் ஒரே தேன்பழுப்புத் தோலில் இருந்தால் அதுவே போதுமான அழுத்தம். கோலாப்பூரிச் செருப்பு இதற்கென்றே செய்ததுபோல் அமைகிறது; கறுப்பு ஷூ மொத்த மென்மையையும் கெடுத்துவிடும். மேலே அரைக்கோட்டு போடுவதானால் அதே பச்சையில் இரண்டு படி அடர்ந்ததை எடுக்கலாம், ஆனால் நண்பகலுக்கு அது வேண்டாத சுமை. மனைவியின் புடவை நிறத்தோடு குர்தாவைப் பொருத்த விரும்புவோர், புடவையின் உடல் நிறத்தைத் தேடி அலையாமல் கரையிலோ பூவேலையிலோ இருக்கும் ஒரு நிறத்தின் வெளிர் வடிவத்தை எடுத்தால், சீருடை அணிந்த தோற்றம் வராது.

துவைக்கும்போது, வெண்மை கூட்டும் சலவைத்தூளைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள ஒளிர்ப்பான்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடுபவை. வெள்ளைத் துணியைப் பளிச்சிட வைக்கும் அதே வேலை, பீச்சையும் இளமஞ்சளையும் குளிர்ந்துபோன வேறொரு நிறமாக்கிவிடும். நிறத்துணிக்கென்று விற்கும் திரவம் போதும், உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் உலர்த்தலாம், சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் லினன் படியும்.

மஞ்சள் பூசும் ஹல்தி நிகழ்ச்சிக்கு இந்தக் குர்தாவைப் போட வேண்டாம் என்பேன். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது செந்நிறமாக மாறிப் பயமுறுத்தும். அலசிய பிறகு வெயிலில் போட்டால் மெல்ல வெளுக்கும். ஆனால் கறையை வெளுக்கும் அதே வெயில் மென்பச்சைச் சாயத்தையும் விட்டுவைக்காது. அன்றைக்கு இளமஞ்சள் பருத்திக் குர்தா ஒன்று போதும், பட்ட கறை எது, துணியின் நிறம் எது என்று யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.