மீன் காட்டப் போகலாமா, முள் பிடுங்கப் போகலாமா?

அமெரிக்காவின் சியாட்டல், பெல்வியூ, இஸக்குவா பக்கம் பள்ளிப் பிள்ளைகளோடு தன்னார்வலராகப் போக நினைத்தால் முக்கியமாக இரண்டு வேலை இருக்கிறது: ஓடைக் கரையில் நின்று சால்மன் மீனைக் காட்டி விளக்குவது, அல்லது அதே கரையில் களை பிடுங்கி மரக்கன்று நடுவது. வகுப்பறைத் தொட்டியில் சால்மன் முட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்து, வசந்தத்தில் குஞ்சுகளை ஓடையில் விடுவதும் உண்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அன்று நமக்குப் பெரிய வேலை இல்லை.

மீன் காட்ட இஸக்குவாவின் மீன்குஞ்சு பொரிப்பகம் வசதியான இடம். 1936இல் கட்டியது. இலையுதிர் காலத்தில் சினூக், கோஹோ என்ற சால்மன் வகைகள் இரண்டும் கடலிலிருந்து ஏறி வரும். சியாட்டலில் கார்கீக் பூங்காவின் பைப்பர்ஸ் ஓடையில் நவம்பர் வாக்கில் சம் சால்மன் வரும். பெண் மீன் ஒருக்களித்து வாலால் சரளையை அடித்துக் குழி பறிக்கும்போது வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்க்கும். அடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டே, “இது ஏன் செத்துக் கிடக்கு?” என்று ஒரு குரல் நிச்சயம் வரும். முட்டையிட்டதும் இந்த மீன்கள் இறந்துவிடும், உடல் மட்கிப் பூச்சிகளுக்கு இரையாகும், பிறகு குஞ்சுகள் அந்தப் பூச்சிகளைத் தின்னும் என்று பதிலைத் தயாராக வைத்திருங்கள். சில கோஹோ மீன்கள் முட்டையிடும் முன்பே செத்துவிடும், அது வேறு கதை. கார் டயர்த் துகளிலிருந்து மழைநீரோடு வரும் ரசாயனமே காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். பெரிய பிள்ளைகளிடம் அதையும் சொல்லலாம்.

குறை என்னவென்றால், சிறு ஓடைகளில் மழை தள்ளிப்போனால் மீனும் தள்ளிப்போகும். பள்ளிப் பேருந்து தள்ளிப்போகாது!

களை வேலையில் அந்தச் சிக்கல் இல்லை, மழையிலும் நடக்கும். முதல் எதிரி ஹிமாலயன் பிளாக்பெர்ரி என்ற முட்புதர். தண்டை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும், அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். யார் எடுத்தது பெரியது என்று பையன்களுக்குள் போட்டியே நடக்கும். சின்ன வகுப்பென்றால் வெட்டுக்கத்தரியைக் கையில் கொடுக்காதீர்கள். வாளியில் மரச்சிராய் சுமந்து கன்றைச் சுற்றி மூடாக்குப் போடச் சொல்லுங்கள். பிடுங்கிய இடத்தில் வில்லோ, செந்தேவதாரு நடுவார்கள். நிழல் விழுந்தால் ஓடை குளிர்ந்திருக்கும். வேர் கரையைப் பிடித்துக்கொள்வதால் வண்டல் சரிந்து முட்டைகளை மூடுவதும் குறையும். ஆனால் மீன் கண்ணிலேயே படாது, ‘எதுக்கு இது?’ என்ற சிணுங்கலுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் மீன் காட்டவே போங்கள். அதற்கு மேல் என்றால் என் ஓட்டு களைக்குத்தான். அதிலும் நடும் நாளுக்கு இல்லை, ஏற்கெனவே நட்ட இடத்தில் முள் பிடுங்கும் நாளுக்கு. நடுவதற்குக் கூட்டம் தானாக வந்துவிடும். அதே கன்றைக் கோடையில் முள்ளிலிருந்து மீட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் மறக்க வேண்டாம். அப்புறம், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் கேட்பார்கள். முந்தின இரவே எடுத்து வைத்துவிடுங்கள்.