ஆறு வருஷம் உப்புத் தண்ணீரில் ஓடிய ஸ்பின்னிங் ரீல்

2019 ஜனவரியில் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்கினேன்; தூண்டில் ராடில் மாட்டி, நரம்பை (தூண்டில் நூலை) சுற்றுகிற கருவி அது. விலை 8,200 ரூபாய். சென்னைப் பக்கம் முட்டுக்காடு முகத்துவாரம், கோவளம் கரை, எப்போதாவது எண்ணூர் என்று மாதத்துக்கு மூன்று நாலு தடவையாவது கடலுக்குப் போய்வந்த ரீல் அது. கொடுவா மீனும் பாறை மீனும் அதில் ஏறியிருக்கின்றன. ஆறு வருஷம் தாண்டியும் என் ராடில் அதே ரீல்தான் இருக்கிறது. கம்பெனிப் பெயரை இங்கே சொல்லவில்லை. எந்த ரீலாக இருந்தாலும் உப்பு முதலில் கை வைக்கிற இடம் ஒன்றுதான்: லைன் ரோலர்.

நரம்பைப் பிடித்துச் சுற்றிவிடுகிற வளைந்த கம்பிதான் பெயில். அந்தக் கம்பி ரீலின் கையோடு சேர்கிற முனையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். நாம் சுற்றுகிற நரம்பு முழுக்க அதன் மேல் வளைந்துதான் ஸ்பூலுக்கு, அதாவது நரம்பு சுற்றிக் கிடக்கிற உருளைக்குப் போகிறது. நனைந்து வருகிற நரம்பு, வளையும்போது கடல் தண்ணீரை அங்கேயே பிழிந்துவிட்டுப் போகும். உள்ளே ஒரு குட்டி பேரிங். வாங்கி எட்டாவது மாதமே அதில் மெல்லிய கிரீச் சத்தம் கேட்டது. கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று வெளியிலிருந்தே ஒரு சொட்டு விட்டு, மறந்துபோனேன். ரோலர் சுற்றுவதை நிறுத்தியதே எனக்குத் தெரியவில்லை. அசையாத உலோகத்தில் உரசி உரசி பிரெய்டு (பின்னிய நரம்பு) பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. நல்ல பாறை ஒன்று கரையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டரில் தலையை ஆட்டியபோது, முடிச்சிலே இல்லை, நடு நரம்பிலே அறுந்தது. மீன் போனதைவிட, வாயில் லூரோடு (செயற்கை இரையோடு) போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மூன்று தடவை போய்வந்தால் ஒரு தடவை ரோலரைக் கழற்றிவிடுவேன். எவர்சில்வர் தட்டில் ஒரு துணியை விரித்து, திருகாணி, வாஷர், பேரிங், புஷ் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். வாஷர் ஒன்று இடம் மாறினாலும் ரோலர் இறுகிவிடும். பேரிங்கை ஸ்பிரிட்டில் அலசி, காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. மாட்டிய பிறகு விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றி, தானாக நிற்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. இதுவரை இரண்டு பேரிங் மாற்றியிருக்கிறேன்.

கழுவுவதிலும் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயை முழு வேகத்தில் திறந்து காட்டினால், வெளியே இருக்கிற உப்பை நாமே உள்ளே தள்ளுகிறோம். வாளியில் முக்குவது அதைவிட மோசம். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கிற அமைப்புதான் டிராக். நான் முதலில் அதன் திருகை நன்றாக இறுக்குவேன். தண்ணீர் டிராக் வளையங்களுக்குள் போகாது. பிறகு பூவாளியில் செடிக்கு விடுவது போல மேலிருந்து மெதுவாக ஊற்றி, உதறி, துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழலில் காயவிடுவேன். காய்ந்ததும் ஸ்பூலைக் கழற்றிப் பாருங்கள். நடுத்தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால், கழுவியது போதவில்லை என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

டிராக்கைத் தளர்த்தி வைப்பதைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் ரீலில் முதலில் இருந்தவை ஃபெல்ட் (கம்பளித் துணி போன்ற) வளையங்கள். இறுக்கியபடியே ஒரு மாதம் வைத்திருந்தேன். அமுங்கித் தட்டையாகி, நரம்பை வழுக்காகக் கொடுக்காமல் விட்டுவிட்டு இழுத்துக் கொடுக்க ஆரம்பித்தது. மீன் ஓடுகிற நேரத்தில் அந்த ஒரு குலுக்கல் போதும், தூண்டில் முள் கழன்றுவிடும். பிறகு கார்பன் வளையங்களுக்கு மாறினேன். நல்ல மாற்றம். டிராக்கைக் கை மதிப்பில் வைக்காமல் கொக்கித் தராசில் இழுத்துப் பார்ப்பது நல்லது. 20 பவுண்டு பிரெய்டு ஏறக்குறைய 9 கிலோ தாங்கும். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ 250 கிராமிலிருந்து 3 கிலோவுக்குள் ஸ்பூல் நகர ஆரம்பிக்க வேண்டும்.

கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. பல்சக்கரத்துக்கு கிரீஸ் வேண்டும், சரி. ஆனால் கைப்பிடி பின்பக்கம் திரும்பாமல் பிடிக்கிற ஒருவழி பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது. அதன் குட்டி உருளைகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டால் பிடிமானம் போய், முள் ஏற்ற ராடைச் சுண்டும்போது கைப்பிடி பின்னால் வழுக்கும். கரையில் பழக்கமான பெரியவர் ஒருவர் தேங்காய் எண்ணெய் போதும் என்றார். அவர் தங்கூசியை (நைலான் நரம்பை) கையாலேயே வீசி என்னைவிட அதிகம் பிடிக்கிறவர். ஆனாலும் இதில் அவர் பேச்சைக் கேட்க முடியாது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் பேரிங்குக்குள்ளும் உறையும்.

ஸ்பின்னிங் ரீலின் அடிப்படை, வீசும்போது ஸ்பூல் சுற்றாமல் நரம்பு மட்டும் விளிம்பு வழியாகக் கழன்று போவது. கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த இல்லிங்வொர்த், நூல் கதிரிலிருந்து நூல் கழல்வதைப் பார்த்து 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வசதி பெரியது, கூடவே ஒரு தொல்லையும் உண்டு: நரம்பு முறுக்கேறும். மீன் இழுத்து டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு ஏறும். அந்த நேரத்தில் சுற்றாமல் பொறுக்க வேண்டும். வீசிய பிறகு பெயிலைக் கையாலேயே மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். வாடைக் காற்றில் விழுகிற சிக்குகள் பாதிக்குமேல் குறைந்துவிடும்.

மணலில் ரீலை வைக்கவே வைக்காதீர்கள். மூன்றடி பிவிசி குழாயை மணலில் குத்தி, ராடை அதில் நிறுத்துகிறேன்.

இப்போதைக்கு உடலில் பெயின்ட் இரண்டு இடத்தில் உரிந்திருக்கிறது. கைப்பிடிக் குமிழ் லேசாக ஆடுகிறது. மெதுவாகச் சுற்றினால் முதன்மைப் பல்சக்கரத்துப் பக்கம் மணல் அரைபடுவது போல ஒரு சொரசொரப்பு விரலுக்குத் தெரிகிறது. பேரிங் வாங்கி வைத்திருக்கிறேன். மழை ஆரம்பித்து முகத்துவாரத்தில் புதுத்தண்ணீர் இறங்குவதற்குள் திறந்து மாற்றிவிட வேண்டும்.