வி.டி.ஆர்.எல்.லா, டி.பி.எச்.ஏ.வா: சிபிலிஸ் ரிப்போர்ட் சொல்வது என்ன?

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்காகப் பார்க்கும் வி.டி.ஆர்.எல்.லும் ஒன்று. அதில் 'ரியாக்டிவ்' (பாசிட்டிவ்) என்று வந்துவிட்டால் கணவன் மனைவிக்குள் சந்தேகம் கிளம்பிவிடுகிறது. அந்த ஒரு தாளை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள்.

வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். என்ற இரண்டு பரிசோதனைகளும் ஒரே வகை. இவை சிபிலிஸ் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிராக உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் பிடிக்கின்றன. லூபஸ், மலேரியா, தொழுநோய் இருந்தாலும், சிலருக்குக் கர்ப்பத்தின்போதும், இவை ரியாக்டிவ் ஆகலாம். இப்படி வரும் பொய் முடிவில் டைட்டர் (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் ரியாக்டிவ் காட்டுகிறது என்ற அளவு) பெரும்பாலும் 1:8க்குக் கீழேதான் இருக்கும். அதற்காக 1:2 என்றால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் கூடாது. பழைய, மறைந்திருக்கும் சிபிலிஸிலும் அப்படி வரும்.

டி.பி.எச்.ஏ. பரிசோதனை நேராக சிபிலிஸை உண்டாக்கும் ட்ரெபோனிமா கிருமிக்கான எதிர்ப்பொருளையே தேடுவதால் பொய் முடிவு குறைவு. ஆனால் ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், முழுக்கக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அப்படியே நிற்கும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவர்களை இது வாட்டுகிறது. சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

என்னைக் கேட்டால், ஒன்று ரியாக்டிவ் என்றால் மற்றதையும் கேட்டு வாங்குங்கள். வி.டி.ஆர்.எல். மட்டும் ரியாக்டிவ் என்றால் பெரும்பாலும் பொய் முடிவு. டி.பி.எச்.ஏ. மட்டும் என்றால் முன்பு வந்து குணமானதாக இருக்கலாம். மிக ஆரம்பநிலையாகவோ, சிகிச்சை எடுக்காத பழைய தொற்றாகவோ கூட இருக்கலாம். இரண்டும் ரியாக்டிவ் என்றால் நோய் இப்போது இருக்கிறதா, முன்பே சிகிச்சை எடுத்ததா என்பதை மருத்துவர் உங்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார். இரண்டும் இல்லை, ஆனால் சமீபத்தில் தொற்று வாய்ப்பு இருந்தது என்றால் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

பென்சிலின் ஊசி போட்ட பிறகு குணத்தை அளக்க வி.டி.ஆர்.எல். டைட்டர்தான் வேண்டும். 1:32 இருந்தது 1:8 ஆகிவிட்டால், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், மருந்து வேலை செய்கிறது. 1:16லிருந்து 1:8 என்பதைப் பெரிய மாற்றமாக எடுக்க முடியாது. முதலில் வி.டி.ஆர்.எல்., அப்புறம் ஆர்.பி.ஆர். என்று மாற்றினால் எண்களை ஒப்பிடவே முடியாது. அதே பரிசோதனை, முடிந்தால் அதே லேப்.

கர்ப்பிணிக்கு மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. சிகிச்சை தள்ளிப்போனால் குழந்தை வயிற்றிலேயே இறக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், கணவரும் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.