சொந்த வீட்டுச் சுவரில் மட்டும் நிற்காத அடப்டர்

ரொறன்ரோவில் இருந்து லீவுக்கு வரப்போகிற மச்சாள் போன கிழமை கேட்டாள்: "அத்தான், உங்களிடம் இருக்கிற அந்த உலக அடப்டரை நானும் வாங்கட்டோ?" ஆறு வருசமாக அதோடு மாரடிக்கிற எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை.

நாட்டுக்கு நாடு மாறும் பிளக் முள்களை ஒன்றாக உள்ளே வைத்திருக்கிற சாமான் அது. வெளிநாட்டில் அது தங்கம். ரொறன்ரோவில் தட்டை முள்ளை வெளியே தள்ளினால் இறுக்கிப் பிடிக்கும். லண்டனிலும் சிங்கப்பூரிலும் சதுர முள்; அங்கேயும் குறையில்லை. என் போன், லப்டொப் சார்ஜர்களில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ரொறன்ரோவின் 120 வோல்ட்டும் நம்முடைய 230உம் அவற்றுக்கு ஒன்றுதான்.

வினை திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில்தான். ஹோலில் இருந்தது மாமனார் காலத்து வட்ட மூன்று துளைச் சொக்கெட். 'உலகம் முழுவதுக்கும்' என்று மூடியில் அடித்த சாமானில் அந்த வட்ட முள் இல்லை! ஐரோப்பிய இரட்டை முள்ளைத்தான் சொருக வேண்டும். அதன் தடிப்பு 4 மில்லிமீற்றர், துளையோ 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். சார்ஜரின் பாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். உள்ளே 'சர்' என்று ஒரு சத்தம். விடிய எழும்பிப் பார்த்தால் போனில் 14 வீதம். பழைய கொப்பிகளை அடுக்கி முட்டுக்கொடுத்தே காலத்தை ஓட்டினேன். ஒரு துளையைச் சுற்றிக் கறுப்பு ஏறியபோதுதான் பயம் வந்தது. கடற்காற்றில் முள் களிம்பு பிடிக்கிறது வேறு.

இன்னொன்று. அறையில் உள்ள 13 ஆம்பியர் சதுர சொக்கெட்டில் இரட்டை முள்ளைச் சொருக, மேல் துளையில் பேனாவைக் குத்தி மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறப்பது நம் ஊர்க் கைவேலை. இந்த அடப்டரின் மூன்றாவது முள் அந்த வேலையை மிச்சமாக்குகிறது. ஆனால் அது வெறும் பிளாஸ்டிக், எர்த் கிடையாது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் இருந்து லப்டொப்பின் உலோக மூடியைத் தடவினால் விரல் கூசும்.

போன முறை மச்சாளின் ஹேர் அயன் இதில் சொருகிய கையோடு புகைந்தது. 120 வோல்ட் மட்டும் என்று அதன் பிடியில் பொடி எழுத்தில் இருந்தது. 230இல் மூன்றரை மடங்குக்கு மேல் சூடு ஏறினால் என்ன ஆகும்? அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. அதன் பிழை இல்லை என்று தெரிந்தும் அன்று அதைத்தான் ஏசினேன்.

சரி, போன மாதம் ஆள் பிடித்து ஹோல் சொக்கெட்டையும் சதுரமாக்கியாயிற்று. அப்புறம் சதுர முள் சார்ஜரே ஒன்று வாங்கிவிட்டேன். மச்சாளுக்கு, "வாங்காதே, தட்டை முள்ளைச் சதுரமாக்கும் சின்னது ஒன்று இங்கே கடையில் எடுக்கலாம். ஹேர் அயனை மட்டும் கொண்டுவராதே" என்று எழுதினேன்.

அடுத்த மாதம் சென்னைப் பயணம். அங்கேயும் வட்டத் துளைதான். ஆனாலும் கை பழகிய சாமான், பைக்குள் வைத்தாயிற்று. கூடவே இரண்டு பழைய கொப்பியும்.